மவுஸைத் தொடாமல் பத்து நிமிடம்

ஒரு வாரமாக என் கம்ப்யூட்டரின் ஃபேன் அலறிக்கொண்டிருந்தது. கிட்டே போய் மவுஸைத் தொட்டால் கப்சிப்.

இன்று ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு மெக்கானிக் முருகையன் வந்தார். சேதராப்பட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறாராம்.

பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். இரண்டு சதவீதம்.

"நல்லாத்தான சார் இருக்குது? சும்மா வுட்டுப் பாப்போம். தொட்றாதீங்க."

டீ போட்டேன். இரண்டாவது டம்ளரைத் தேடியெடுத்துத் தூசி போகக் கழுவினேன். அவர் மகளுக்குக் கணக்குப் பாடம் வரவில்லையாம். இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பத்தாவது நிமிடம் திரையில், போன வாரம் நான் போட்ட மீன்தொட்டி ஸ்க்ரீன்சேவர் வந்தது. ஃபேன் அலறியது. முருகையன் மவுஸை அசைத்தார். மீன்கள் மறைந்தன. டாஸ்க் மேனேஜரின் கோடு மட்டும் நூறு வரை ஏறி இறங்கியிருந்தது.

"மீனுதான் சார். நீங்க தொடாத நேரம் பூரா இதான் ஓடுது. எடுத்துடட்டா?"

"வேணாம், இருக்கட்டும்."

"மறுபடியும் சத்தம் வரும் சார்."

"வந்தா கூப்புடுறேன்."

என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கும் நீங்களும் திட்டுவீர்கள், தெரியும். நேரிலேயே வந்து திட்டுங்கள். இரண்டு டம்ளரும் கழுவியே இருக்கின்றன.