சம்பந்தி கட்டிய நீலக் கம்பி

அன்று காலை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் ஃபோன் அடித்தது தெரியவில்லை. உள்ளறையில் மருமகள் பியூலா அழுததும் காதில் விழவில்லை. என் மகன் முரளி வந்து சுவிட்சை அணைத்தான். "அம்மா, மாமா போயிட்டாரு" என்றான். எந்த மாமா என்று நான் கேட்கவில்லை. அவனுடைய மாமனார், என் சம்பந்தி ஞானசிகாமணி, ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். அந்த மனிதரிடம் நான் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று பாக்கி இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மாடம்பாக்கத்தில் அவர் வீட்டு மாடியில் ஜெபக் கூட்டம் நடந்தபோது, "சம்பந்தியம்மா ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்கள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் வாய்க்குக் குறைச்சல் இல்லை என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த வாய் அன்றைக்கு "தங்கமான மனுஷர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அதனால்தான் இந்த நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்துப் பிழைகளை என் பேத்தி தர்ஷினி திருத்தினாள். நான்காவது படிக்கிறாள். வகுப்பிலேயே அவள் கையெழுத்துக்குத்தான் மிஸ் ஸ்டார் போடுகிறார்கள். அடுத்த வருஷம் நான் படித்த படிப்புக்கு வந்துவிடுவாள், அதற்கப்புறம் என்னைத் திருத்த அவளுக்கு இன்னும் தைரியம் வரும். இந்தத் தடவை பிழையை மட்டும் திருத்து, வரியை அடிக்காதே என்று சொல்லிவிட்டேன்.

அவரோடு தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். லைனில் கோளாறு என்று புகார் வந்தால் போய்க் கேட்டுக் கண்டுபிடிக்கிற வேலை அவருக்கு. ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் காது ரிட்டயர் ஆகவில்லை. குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது என்று பியூலா ஒரு முறை ஃபோனில் புலம்பினாள். "எதுக்கு அழறான்னு பார்க்காதம்மா, எப்ப நிறுத்தறான்னு பாரு" என்றார். கவனித்தாள். தோளில் நிமிர்த்திப் போட்டால் மட்டும் நிறுத்தியது. வயிற்றில் காற்று. அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான். "எப்ப வருதுன்னு எல்லாரும் கேட்பாங்க. எப்ப நிக்குதுன்னு கேளுங்க" என்பார்.

பேத்தி பிறந்த கொஞ்ச நாளில் அவர் தன்னுடைய காரை எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் கேட்கவில்லை. முரளி அப்போது பைக்கில்தான் மறைமலை நகர் போய் வந்துகொண்டிருந்தான். கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். "எனக்கு எதுக்கு கார்? சர்ச்சுக்கு நடந்தே போயிடுவேன். பாப்பா மழையில நனையக் கூடாது" என்று சாவியை வைத்துவிட்டு, தான் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். கொடுப்பதற்கு முன்னால், பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வேத வசன ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறார். பசை மட்டும் லேசாகத் தெரிந்தது. "எதுக்கு மாமா எடுத்தீங்க?" என்று முரளி கேட்டதற்கு, "இனிமே உங்க வீட்டு வண்டி. உங்க இஷ்டத்துக்கு எது வேணா ஒட்டிக்கோங்க" என்றார். சபையில் மூப்பராக இருந்தவர் அவர். தன் வசனத்தைத் தன் கையாலேயே சுரண்ட அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

நான் செய்தது வேறு. எதிர்வீட்டு அம்மாள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "புதுசு மாதிரியே இருக்கே! அதிர்ஷ்டந்தான் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கண் பட்டுவிட்டது என்றே நினைத்தேன். குழந்தை ஏறுகிற வண்டி. மறுநாளே செம்புக் குழாய் வைத்த தாயத்து ஒன்றை மந்திரித்து வாங்கிவந்தேன். முன்னால் கட்டினால் மருமகள் கண்ணில் படும், அவள் அப்பா காதுக்குப் போகும். முரளி பானெட்டைத் திறப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த வித்தை தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் திறந்து, இன்ஜினுக்குப் பின்பக்கம், கருப்புக் குழாய்களுக்கு நடுவில், கருப்புக் கயிற்றில் கட்டிவிட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. காலையில் முதல் தடவை வண்டியைக் கிளப்பினால் டக் டக் டக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இரண்டு மூன்று நிமிஷம் அடிக்கும். வண்டி சூடானதும் நின்றுவிடும். மெக்கானிக் சேகர் எப்போதும் மதியத்துக்கு மேல்தான் வருவார். அதற்குள் வண்டி எங்காவது போய்வந்து சூடாக இருக்கும், சத்தமே இருக்காது. நாங்கள் வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும். முரளி "டிக் டிக்" என்பான், நான் "டொக் டொக்" என்பேன். ஆயில் மாற்றிப் பார்த்தார்கள். போகவில்லை. "நீ கார் கம்பெனியிலதானே இருக்கே, உனக்குத் தெரியாதா?" என்று மகனைக் கேட்டேன். "அம்மா, நான் சீட் தைக்கிற பிரிவும்மா" என்றான். கடைசியில் சேகர், இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கயிறு மழையில் நனைந்து தொய்ந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கட்டிய அன்றைக்கே சத்தம் வந்திருந்தால் உறைத்திருக்குமோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் பேத்திக்குக் காதுகுத்து. விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது, சொந்தக்காரர்கள் வாசலில் நிறைந்திருக்க, வண்டி டக் டக் என்று அடித்தது. "என்ன சத்தம் இது?" என்று என் நாத்தனார் கேட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் கொழுத்தது. "ஓடி ஓய்ஞ்சுபோன வண்டியை நம்ம தலையில கட்டிட்டாங்க. சீக்கு வந்ததைப் பொண்ணோட சேர்த்து அனுப்பிட்டாங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், சீர்த் தட்டோடு சம்பந்தி நிற்கிறார். பக்கத்தில் பியூலா. வண்டியைச் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு அது பெண்ணைச் சொன்னதாகவும் இருந்தது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வண்டி முன்னால போகட்டும், நான் ஆட்டோவில வரேன்" என்றார். பியூலா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பிரசவத்துக்குக்கூட அதிக நாள் தாய்வீட்டில் தங்காதவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடம்பாக்கம் போய்விடுகிறேன் என்று முரளியிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

மறுநாள் விடிகிறபோது கேட்டில் அவர் நின்றார். "சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. வண்டி கிளம்பறப்ப ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். கேட்டார். போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அவர் கொடுத்த பொருளில் குறை என்று ஊர் நடுவே சொல்லியாகிவிட்டது. அது உண்மையா என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. நான் உள்ளே நின்றுகொண்டு, "நல்லா கேட்கட்டும்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இன்ஜினைப் பிரிக்கிற நாளும் வந்தது. சேகர் சாமான் பையோடு காலையிலேயே வந்துவிட்டார். சம்பந்தியும் இருந்தார். "நீளமா ஒரு கட்டை இருந்தா குடுங்க சம்பந்தியம்மா" என்றார். மோர் கடைகிற மத்தைக் கொடுத்தேன். ஒரு முனையை இன்ஜின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். சேகர் விடுவாரா? "சார் இன்ஜின்ல மோர் கடையப் போறாரு, எல்லாரும் சொம்பு எட்டுக்கினு வாங்க!" என்றார். சம்பந்தியும் சிரித்தார். சத்தம் அடித்து, வழக்கம்போல் நின்றது. எல்லோரும் நகர்ந்தோம். அவர் நகரவில்லை.

"முரளி, லேசா மிதிங்க. இன்னும் கொஞ்சம். அங்கேயே நிறுத்துங்க."

டக் டக் டக்.

"இப்ப வண்டி சூடாத்தான் இருக்கு. ஆனா சத்தம் வருது. குளிர்ல கிளப்பினா இன்ஜின் கொஞ்ச நேரம் வேகமா ஓடும், அப்புறம் இறங்கிடும். இது வேகத்துக்கு வர்ற சத்தம், குளிருக்கு இல்ல. இன்னும் மிதிங்க. பாருங்க, போயிடுச்சு."

"சார், இன்ஜின் உள்ள டேப்பெட்டு தட்டுதுன்னு நான் அப்பலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்" என்றார் சேகர்.

"டேப்பெட்னா மிதிக்க மிதிக்க வேகமா அடிக்கணும் தம்பி. இது ஒரு வேகத்துல வருது, அதைத் தாண்டினா காணாமப் போகுது. உள்ள இல்ல. வெளியில ஏதோ தொங்கி ஆடுது."

தொங்குகிறது என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எனக்குத் தாயத்து ஞாபகம் வந்தது. அவர் மறுபடி முரளியை அதே வேகத்தில் நிறுத்தச் சொல்லி, பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். கை நின்றது. சத்தமும் நின்றது. கையை விரித்தார், டக் டக். மூடினார், ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். வண்டியை அணைக்கச் சொன்னார்.

"ஒரு கிளிப் லூசா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. பழைய வண்டி, நான்தான் பார்த்துக் குடுத்திருக்கணும்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "கிளிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கட்டின தாயத்து அது!" என்று கத்தினேன். அதை உண்மை பேசியதாக யாரும் கணக்கில் வைக்க வேண்டாம். அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு பொய் சொல்லிவிட்டாரே, அந்த இரக்கத்துக்குக் கீழே நான் நிற்பதா என்ற திமிரில் வந்த கத்தல். சேகர்தான் முதலில் சிரித்தார். "இன்னாம்மா, இன்ஜினுக்கே மந்திரிச்சு உட்டியா?" முரளி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பியூலா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

"எடுத்துப் போட்டுடுங்க மாமா" என்றான் முரளி.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "யாருக்காகக் கட்டினீங்க?"

"பாப்பாவுக்கு."

"அப்ப இருக்கட்டும். இடம்தான் சரியில்ல" என்றார். பையிலிருந்து டெலிபோன் கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். நீலமும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பி. அவர் பையில் எப்போதும் கிடக்கும், குடைக்கும் செருப்புக்கும்கூட அதையேதான் சுற்றுவார். தாயத்தை எதிலும் இடிக்காத இடத்துக்கு நகர்த்தி, என் கயிற்றுக்கு மேலே தன் கம்பியைச் சுற்றி முறுக்கினார். வண்டியைக் கிளப்பச் சொன்னார். சத்தம் இல்லை. "பியூலா, பாப்பாவைக் கொண்டா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். அவள் மூட்டை கட்டி வைத்திருந்தாள். அப்பா கூப்பிட்ட குரலுக்குக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். மூட்டை வீட்டிலேயே இருந்துவிட்டது. நான் அவரிடம், "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது அதுதான். "சர்க்கரை கம்மியா" என்றார்.

எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. விசேஷங்களில் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். கதையில் தாயத்து வரும், மத்து வரும், சேகர் வருவார். காதுகுத்தில் நான் சொன்ன சொல் மட்டும் வராது. அதை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததால் அது போய்விட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "வண்டி எப்படி ஓடுது சம்பந்தியம்மா?" என்று கேட்டார். "சத்தமே இல்ல" என்றேன். "நீங்க?" என்றார். "நானுந்தான்" என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சொல்லிவிடலாம் என்று கட்டிலோரம் நகர்ந்தேன். "சம்பந்தி, அன்னிக்குக் காதுகுத்துல நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார். "அது எப்பவோ நின்னுடுச்சே" என்றார். அவருக்கு நின்றிருக்கும். எனக்கு நிற்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை முரளியைப் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். செம்புக் குழாய் பச்சை பூத்துக் கிடந்தது. நான் கட்டிய கருப்புக் கயிறு எப்போதோ இற்று விழுந்துவிட்டது. ஒரு இழைகூட மிச்சம் இல்லை. என் பேத்திக்கு என்று நான் கட்டிய தாயத்து, இத்தனை வருஷமாக அவர் முறுக்கிய நீலக் கம்பியில்தான் நின்றிருக்கிறது. "இந்தக் கம்பியில யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்கு விட்டுப்போனது அது.

இப்போது தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது வாசலில் போய் நிற்கிறேன். இன்ஜின் வேகமாக ஓடி, மெல்ல இறங்கி அமைதியாகிறவரைக்கும் நிற்கிறேன். சத்தம் வருவதில்லை. அந்த நேரத்தில் அவரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தையைச் சொல்லிக்கொள்கிறேன், வாய்க்குள்ளேதான். பேத்தி, "யார்கிட்ட பாட்டி பேசறே?" என்றாள். "உங்க தாத்தாகிட்ட" என்றேன்.