செருப்பு விடும் இடம்

யார் வீட்டுக்குப் போனாலும் செம்மல் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான். அழைப்பு மணியை அழுத்திவிட்டு, குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, எந்தச் செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பார். கதவைத் திறப்பவர்கள், தங்கள் செருப்பில் எதுவும் ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகத்தில் தாங்களும் குனிவார்கள். "செருப்ப எங்க உட்றாங்களோ அங்கதான் சார் வூடு ஆரம்பிக்குது. கதவு எங்க இருக்குதுன்றது நம்ம ஆசை, அவ்ளோதான்" என்பார் செம்மல்.

புதுச்சேரி வெயிலில் இவருக்கு மட்டும் லேஸ் வைத்த ஷூ எதற்கு என்று கேட்டால், காரணம் ஸ்கூட்டர். செல்ஃப் ஸ்டார்ட் செத்துப் பல காலம் ஆகிறது. கிக்கரை உதைத்தால் பாதி வழியில் நழுவி, திரும்பி வந்து கணுக்காலைப் பதம் பார்க்கும். புது வண்டி வாங்கலாமே என்பவர்களுக்கு அவர் பதில், "ஓடுதுல்ல?"

தொழில், கட்டடம் வரைவது. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையின் வாசலில் ஆர்க்கிடெக்ட் என்று பலகை தொங்குகிறது. எந்த மனையைக் காட்டினாலும் அவர் கை ஒரே மாதிரிதான் போகும். மேலே பல பேர் சேர்ந்து வாழ அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. கீழே தெரு முழுக்க வந்து போகிற மாதிரி ஒரு கூடம். "மேல வூடு, கீழ ஊரு" என்று இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் பளபளக்கும். மூலக்குளத்துக்காரர் ஒருவர் தனக்கு வீடு வரைந்து தரச் சொல்லி வந்தார். போர்ட்டிகோ வரவேண்டிய இடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார நீளமாக ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார் செம்மல். வந்தவர் நல்ல மனிதர். டீயைக் குடித்து முடிக்கும்வரை சிரித்த முகமாகவே இருந்துவிட்டுப் போனார். அப்புறம் போனை எடுக்கவில்லை. இப்படி வரைந்து சுருட்டி வைத்தவை ஒரு பீரோ நிறையக் கிடக்கின்றன. கட்டி எழுந்தது ஒன்றே ஒன்று.

சேர்ந்து வாழ்வதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர், லாஸ்பேட்டையில் தன் சொந்த ஃபிளாட்டில் மணி அடித்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். "ஊருக்கெல்லாம் கதவ தொறந்து வையின்னு சொல்றாரு. கேஸ்காரன் வந்தா பாத்ரூமுக்குள்ள பூந்துக்கறாரு" என்று அவர் மனைவி ஹேமலதா விருந்தாளிகளிடம், அவரை வைத்துக்கொண்டே சொல்வார். செம்மல் மறுப்பதில்லை. மில் தொழிலாளியான அப்பா, அத்தைகள், தம்பிகள் என்று ஒரே அறையில் எல்லாரும் படுத்துக் கிடந்து வளர்ந்த கதையை ஆரம்பிப்பார். சேர்ந்திருந்த சுகத்தைச் சொல்வதற்காகத்தான் ஆரம்பிப்பார். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஓர் அறைக்காகத் தான் ஏங்கியதைச் சொல்லித்தான் கதை முடியும்.

கட்டி எழுந்த அந்த ஒன்று, முத்தியால்பேட்டையிலேயே இருக்கிறது. மனை அமுதவல்லியுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் மனைவி என்பதால் தெருவே அவரை மதாம் என்று கூப்பிடும். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் பிரான்சில். பேச ஆளில்லாமல் கிடக்க முடியாது என்று, பழைய நூல் கிடங்கு நின்ற மனையைச் செம்மலை நம்பிக் கொடுத்தார். மாடியில் ஓர் அறையில் அவரே குடியிருக்கிறார். மற்ற அறைகளில் நர்சுகள், ஒரு பாலிடெக்னிக் வாத்தியார், ரிட்டையரான ஒரு தம்பதி. கீழ்க் கூடத்தில் மாலையானால் பிள்ளைகளுக்கு டியூஷன், சனிக்கிழமை மகளிர் குழு, அவ்வப்போது சர்க்கரை பார்க்கும் முகாம். காக்காய் தண்ணீர் குடிப்பதற்குக்கூட மதில்மேல் ஒரு குழி வைத்திருந்தார் செம்மல். செருப்பு விடத்தான் இடம் வைக்கவில்லை.

ஊரார் செருப்பையெல்லாம் பார்த்துப் பாடம் படித்தவருக்குத் தன் கட்டடத்தில் அது மறந்துபோயிற்று. கூடத்துக்கு வந்தவர்கள் மாடிப்படியின் அடிப்படியில் செருப்பை விட்டார்கள். அது நிரம்பியதும் அடுத்த படி. செருப்பு ஏற ஏற, பின்னாலேயே ஆட்களும் ஏறினார்கள். டியூஷன் பிள்ளைகள் மாடிக் குளியலறைக்கு வழி கண்டுபிடித்தார்கள். மகளிர் குழுவிலிருந்து ஒருவர் கறிவேப்பிலை கேட்டு மேலே போய், குழம்பில் உப்புப் பார்த்துவிட்டு இறங்கினார். நர்ஸ் மாலாவின் புதுச் செருப்பு யார் காலிலோ ஏறிப் போயே போய்விட்டது. அன்றிலிருந்து மாலா டூட்டி முடிந்து வந்தால், படியில் கிடக்கும் செருப்புகளைத் தாண்டித் தாண்டி, தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

படிக்குக் கீழே கிரில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவரும் மாலாதான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வெல்டர் வந்து அளவெடுத்துப் போனார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்கள் கூடி முடிவு செய்வது என்றானது. மதாமிடம் ஓடினார் செம்மல். "எனக்கு மட்டும் ஆசையா தம்பி? போடலன்னா ஒவ்வொருத்தரா காலி பண்ணிடுவாங்க. அப்பறம் நான் யார்கூட பேசறது?" என்றார் அவர். கிரில் விழுந்தால் மேலே ஒரு லாட்ஜ், கீழே ஒரு வாடகை மண்டபம். ஊரில் ஆயிரத்தோடு ஆயிரத்து ஒன்று. பீரோவுக்கு வெளியே உயிரோடு நிற்கிற ஒன்றும் போய்விடும். செம்மலுக்குச் சோறு இறங்கவில்லை. ராவோடு ராவாக வரைந்து, தேக்கில் சாய்வான தட்டுகள் வைத்து, வெளியே ஒரு செருப்பு ஸ்டாண்ட் செய்து வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. முதல் நாளே தெரு நாய் ஒன்று கீழ்த்தட்டில் படுத்துக்கொண்டது. செருப்புகள் படியிலேயே கிடந்தன.

பொறுக்காமல் ஒருநாள் அவர் படியருகே நின்று மாலாவிடம் ஜனங்களைக் குறை சொன்னார். எவ்வளவு செய்து வைத்தாலும் இவர்களுக்குப் புத்தி வராது என்கிற தோரணையில் பேச்சு போயிற்று.

மாலா கையில் செருப்போடு நின்றுகொண்டே கேட்டார். பிறகு, "மொத மொதல்ல இந்தப் படியில கழட்டிப் போட்டவரு யாரு சார்? நீங்கதான். தொறப்பு விழா அன்னிக்கு குந்திக்னு லேஸ அவுத்தீங்க. நான் பாத்துக்னுதான இருந்தேன். உங்கள பாத்துட்டு மதாம் உட்டாங்க, மதாம பாத்துட்டு ஊரே உட்டுது. நான் வாடகை குடுக்கறது வூட்டுக்கா, கல்யாண மண்டபத்துக்கா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிப் போனார்.

மறுநாள் டியூஷன் தொடங்குவதற்கு முன்பே செம்மல் வந்துவிட்டார். தெருவை ஒட்டிய பாதாம் மரத்தடியில், சிமெண்ட் மேடைமேல் தன் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தார். பிறகு வெறுங்காலோடு போய் அடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்த பெண்பிள்ளை படியை நோக்கிப் போனாள். ஷூவைப் பார்த்தாள். வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் இவரைப் பார்த்தாள். திரும்பி வந்து ஷூவுக்குப் பக்கத்தில் தன் செருப்பை விட்டாள். அடுத்த பிள்ளை அதற்குப் பக்கத்தில். கூடம் நிரம்பியபோது மேடையும் நிரம்பியிருந்தது. ஷூவைப் பார்த்து, உள்ளே யாரோ ஆபீசர் வந்திருக்கிறார் என்று நினைத்து, சிலர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நுழைந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர் வந்தார். ஆர்க்கிடெக்ட் செய்கிற வேலையா இது என்று ஹேமலதா கேட்டதற்கு, சைட் விசிட் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. மாடியில் கூட்டம், செம்மலை யாரும் கூப்பிடவில்லை. கீழே கூடத்தில் சர்க்கரை முகாம் நடந்துகொண்டிருந்தது. அவர் அடிப்படியில் உட்கார்ந்து, அணைந்துபோன போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டூட்டி முடிந்து மாலா வந்தார். படிக்கு வந்ததும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, காலை உயரத் தூக்கி வைத்தார். தாண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு மேலே போனார். மேலே பேச்சு ஏறியது, இறங்கியது. மதாமின் சிரிப்பு ஒன்று கேட்டது; அதை வைத்து எதையும் சொல்ல முடியாது, மதாம் எதற்கும் சிரிப்பார்.

முகாமும் முடிந்தது. மேடைமேல் ஷூ மட்டும் பாக்கி. மாலா இறங்கி வந்தபோது, செம்மல் மரத்தடியில் உட்கார்ந்து இடது ஷூவில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"கிரில் வேணான்னு நான் சொல்லல சார். ஒரு மாசம் பாக்கலாம்னுதான் சொன்னேன், சரின்னுட்டாங்க" என்றார் மாலா. போகத் திரும்பியவர் நின்றார். "நாளைக்கி டியூஷன் புள்ளைங்க இங்க சீக்கிரமே வராங்களாம். நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ."

செம்மல் காலை வெளியே எடுத்தார். இரண்டு ஷூவையும் சேர்த்து, முனை தெருவைப் பார்க்க, மேடை நடுவில் தள்ளி வைத்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெறுங்காலால் கிக்கரை உதைத்தார்.