ஞானசௌந்தரிக்கு ஒரு கானாச் செடி

தூத்துக்குடியில் குடிதண்ணீருக்காகக் குடத்தோடு அலைந்தவர்கள் ஏராளம். ஏசியில் சொட்டுகிற தண்ணீருக்காக அலைந்தவர் ஜெர்சன் ஒருவர்தான். காலையில் மில்லர்புரத்திலிருந்து சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கப்பல் ஏஜெண்ட் அலுவலகம், நகைக்கடை, லிங்கராஜின் செல்போன் கடை என்று சுவருக்கு வெளியே எங்கெல்லாம் ஏசிக் குழாய் சொட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு கேனை வைப்பார். சாயங்காலம் வந்து நிறைந்ததை எடுத்துப் போவார்.

"அண்ணாச்சி, எந்தக் கப்பலுக்குத் தண்ணி ஏத்துதிய?" என்று லிங்கராஜ் கிண்டல் செய்வான்.

"ஆப்பிரிக்காவுக்குப் போற கப்பலுக்கு" என்பார் ஜெர்சன்.

அதில் பாதி உண்மை. வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பச்சை வலை நிழலில் ஒரு தொட்டி இருந்தது. அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குத்துச்செடி. மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டோரத்தில் வளர்வது. நர்சரிக்காரர்கள் மிராக்கிள் ஃப்ரூட் என்று சொல்லி விற்கிறார்கள். ஜெர்சன் வீட்டில் அதற்குக் கானாச் செடி என்று பெயர்.

ஜெர்சன் சரக்குக் கப்பல்களில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக, இன்ஜின் ரூமிலேயே காலம் தள்ளியவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். பேச்சும் குறைவு. எதையும் தானே செய்து முடிக்க வேண்டும், அடுத்தவர் கை பட்டால் கெட்டுப்போகும் என்பது அவருடைய எண்ணம். கானா நாட்டின் டகோரடி துறைமுகத்தில் ஒருமுறை மூட்டை ஏற்ற வந்த கூலிக்காரர் ஒருவர் அவர் கையில் சிவப்பாக, கோவைப்பழத்தில் பாதி அளவுக்கு ஒரு பழத்தைக் கொடுத்து, மென்று நாக்கில் நன்றாகப் புரட்டச் சொன்னார். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கொடுத்தார். கடித்தால் சீனிப்பாகு. ஊருக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னபோது ஞானசௌந்தரி நம்பவில்லை. அங்கன என்னத்தைக் குடிச்சீங்க என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பழத்தை அவர் மறந்தே போயிருந்தார். ஞானசௌந்தரியின் வயிற்றில் கட்டி வந்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முறை மருந்து ஏற்றி வந்ததும் அவள் நாக்கு செத்துப் போனது. சோறு, கஞ்சி, பால் எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். தெருவில் யார் வீட்டில் ஊளி மீன் வாங்கினாலும் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று அவளிடம் வந்து கேட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவள் மீன்குழம்பு வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பினாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. டாக்டர் வளைத்துப் பேசவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தை உடம்பு தாங்காது, ஏற்ற மாட்டோம் என்றார். எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்பதைத் தவிர அவரிடமும் வழியில்லை. ஜெர்சன் அந்தப் பழத்தைப் பற்றிக் கேட்டபோது, கொடுக்கலாம், ஆனால் மருந்து என்று நினைக்காதீர்கள், நாக்கை ஏமாற்றும், அவ்வளவுதான் என்றார்.

பழம் பறித்தால் ஓரிரு நாள்கூடத் தாங்காது. அதனால் செடியே வேண்டும். விதை போட்டால் காய்க்க வருஷக்கணக்காகும். அதனால் காய்க்கிற செடியாக வேண்டும். ஜெர்சன் கேரளாவுக்குப் பஸ் ஏறி, திருச்சூர்ப் பக்கம் நர்சரி நர்சரியாக அலைந்து, பூவும் காயுமாக நின்ற ஒன்றைக் கண்டுபிடித்து, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்ட நர்சரிக்காரர், தூத்துக்குடி என்றதும் உதட்டைப் பிதுக்கினார். இதற்குப் புளிப்பு மண் வேண்டும். உப்பும் ஆகாது, சுண்ணாம்பும் ஆகாது. தூத்துக்குடியில் காற்றே உப்பு. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. மழையோ ஐப்பசி, கார்த்திகையில்தான். ஏசித் தண்ணீரில் உப்பு கிடையாது என்பது ஜெர்சனின் இன்ஜின் ரூம் மூளைக்குத் தானாகத் தோன்றியது.

செடியை யாரும் தொடக் கூடாது என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

முதல் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு எலுமிச்சைச் சாற்றைக் குடித்த அன்று ஞானசௌந்தரி சிரித்தாள். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "கப்பல்காரரு ஒரு தடவயாவது உண்மையச் சொல்லியிருக்கீங்க" என்றாள். புளித்த மோர், சாத்துக்குடி, தக்காளி ரசம் என்று எல்லாம் உள்ளே போயிற்று. துருவாடை அரை மணி நேரத்துக்கு விலகியது. எடை இறங்காமல் நின்றது. மூன்றாம் மருந்தை ஏற்றினார்கள். வேளைக்கு ஒரு பழம், அதன் பிறகு ஒரு தட்டுச் சாப்பாடு என்று ஆனது. மீன்குழம்பு வைத்த நாள்களில் மட்டும் தட்டில் பாதி மிஞ்சும். போதும் என்பாள். ஜெர்சன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்குத் துணையாகக் கீழவைப்பாரிலிருந்து கிரேசி வந்து சேர்ந்தாள். ஞானசௌந்தரியின் தங்கை. குசினியையும் சமையலையும் அவள் எடுத்துக்கொண்டாள், ஜெர்சன் கேன்களோடு சுற்றினார். வீடு ஒரு மாதிரி ஓடியது.

பிறகு செடியின் இலை ஓரங்கள் கருக ஆரம்பித்தன. யாரோ தீக்குச்சியைக் கிழித்து ஓரத்தில் காட்டியதைப் போலப் பழுப்பாகச் சுருண்டன. பூக்கள் காயாகாமல் கொட்டின. கடல்காற்று என்று நினைத்து ஜெர்சன் தொட்டியைச் சுவருக்கு மறைவாக நகர்த்தினார். வெயில் என்று நினைத்து இன்னொரு வலை கட்டினார். சுவரின் சுண்ணாம்பு இறங்குகிறதோ என்று தொட்டிக்கு அடியில் பலகை கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை.

ஒரு நாள் கேன் ஒன்றை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். பின்பக்கம் கிரேசி நின்றுகொண்டிருந்தாள். மீன் கழுவிய சட்டியைச் சாய்த்து, செதிலும் ரத்தமுமாக அந்தத் தண்ணீரை நிதானமாகத் தொட்டிக்குள், செடியைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடற்கரை வீடுகளில் மீன் கழுவிய தண்ணீரை யாரும் தெருவில் கொட்டுவதில்லை. கல்லுப்பைப் போட்டு மீனைத் தேய்த்து, வழுவழுப்புப் போகக் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடியின் வேரில் ஊற்றுவார்கள். அதைக் குடித்துத்தான் முருங்கை சுவரைத் தாண்டி வளரும். கறிவேப்பிலை கொத்துக் கொத்தாகத் தழைக்கும். உப்பிலேயே பிறந்த அந்த மரங்கள் தாங்கும். கானாச் செடியால் முடியாது.

ஜெர்சன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. காது மந்தமானவர் கத்தினால் அளவு தெரியாது. அக்காவைக் கொல்லவா வந்தாய் என்றுகூடக் கேட்டுவிட்டார். கிரேசி சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஞானசௌந்தரி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நாந்தான் ஊத்தச் சொன்னேன்."

ஜெர்சன் வாசல்படியிலேயே நின்றார்.

"வெளுத்துப் போயி நின்னுச்சு. நீங்க வெறுந் தண்ணியாவே ஊத்துதீங்க. அதுக்கும் என்ன மாதிரி வயித்துக்கு ஒண்ணும் எறங்கலியோன்னு தோணிச்சு. நாலு நாளு மீன் தண்ணி கெடச்சா தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"தொடாதீங்கன்னு சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா?"

ஜெர்சன் பின்பக்கம் போனார். மழையில் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த டிரம் தண்ணீரையெல்லாம் அன்றைக்கே தொட்டியில் ஊற்றி உப்பைக் கழுவப் பார்த்தார். மண்ணை மாற்றினார். கிளைக்கு ஒன்றிரண்டு இலைதான் மிஞ்சியது. காய்களில் ஒன்றே ஒன்று, உள்பக்கமாக ஒளிந்திருந்தது, பச்சையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

பழம் இல்லாமல் அவள் சாப்பாடு பழையபடி ஆனது. இரண்டு வாய்க் கஞ்சி, பிறகு தண்ணீர். திருநெல்வேலிக்குப் போனபோது எடைமெஷினில் ஏறுவதற்கு முன்னால் சால்வையை எடுக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். இருக்கட்டும் என்றாள் ஞானசௌந்தரி. சால்வையோடு நின்றும் போதவில்லை. மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பினார்கள். உடம்பு தேறினால் வாருங்கள் என்றார் டாக்டர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெர்சன் கிரேசிக்குப் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அவருக்கு வரவில்லை. "அக்காவுக்கு உன் கையால கொழம்பு வேணுமாம்" என்றார். ஞானசௌந்தரி அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. கிரேசி மறுநாளே ஊளி மீனோடு வந்து இறங்கி, நேராகக் குசினிக்குள் போய்விட்டாள்.

அதே காலையில்தான் அந்தக் கடைசிக் காயும் சிவந்திருந்தது. ஜெர்சன் அதைப் பறித்து, கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் சோறும் குழம்பும் இருந்தன. ஞானசௌந்தரி கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இத நீங்க தின்னுங்க" என்றாள்.

"ஏளா, இருந்தது இது ஒண்ணுதான்."

"தெரியும். தின்னுட்டு, விதையப் போட்டு வைங்க."

அவள் விடவில்லை. ஜெர்சன் பழத்தை வாயில் போட்டு, சதையை நாக்கில் புரட்டி, விதையை உள்ளங்கையில் துப்பினார். அவள் தன் தட்டிலிருந்து ஒரு கவளம் சோற்றைக் குழம்போடு பிசைந்து அவர் வாயருகே நீட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்தவளில்லை.

ஜெர்சன் வாங்கி மென்றார். புளியெல்லாம் சீனியாகி, அதற்குள் மிளகாயும் மீனும் மிதந்தன. பாயசத்தில் மீன் துண்டைப் போட்ட மாதிரி. விழுங்குவதற்கு அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

"எப்படி இருக்கு?"

"இனிக்குது."

"இதத்தான் நான் இத்தன நாளும் தின்னேன்" என்றாள். குரலில் குறை இல்லை. "நீங்க கேனத் தூக்கிட்டு வாரதப் பாத்தா வேண்டாம்னு சொல்ல வரல்ல."

பிறகு பழம் இல்லாத நாக்கோடு, தட்டைத் தன் பக்கம் இழுத்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி இறக்கினாள். ஆணியும் துருவும்தான் இறங்குகிறது என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். பாதித் தட்டு காலியானது. குசினி வாசலில் நின்ற தங்கையைப் பார்த்து, புளி சரியாக இருக்கிறது என்றாள்.

ஜெர்சன் விதையைப் புதுத் தொட்டியில், பழைய மண் கலக்காமல், விரலால் குழி செய்து வைத்தார். ஏசித் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றினார். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க காய்க்கும்?"

குறைந்தது மூன்று வருஷம் என்று திருச்சூர் நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். அதுவும் அந்த ஊரில்.

"சீக்கிரம்" என்றார் ஜெர்சன்.

கிரேசி, காலையில் மீன் கழுவி அப்படியே வைத்திருந்த சட்டியோடு பின்பக்கம் வந்தாள். இரண்டு தொட்டிகளையும் சுற்றிக்கொண்டு போனாள். சுவரோரத்து முருங்கைக்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கினாள். அதையும் தாண்டி, கதவைத் திறந்து, தெருச் சாக்கடையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.