குங்குமம் போகாத டயர்

எல்லாரும் வண்டியின் முகத்தைப் பார்த்து மயங்க, அதன் பாதத்தைப் பார்த்துப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு டயர் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். பிக்கப், ஜீப் என்று சேற்றிலும் மேட்டிலும் ஏறும் வண்டிகளுக்கு டயர் வேண்டுமென்றால் எங்களிடம்தான் வருவார்கள். நீங்களும் புடவையோ செருப்போ கைப்பேசியோ விற்பவராக இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும். மலிவானதற்கும் விலை கூடியதற்கும் என்ன வித்தியாசம் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே நமக்கெல்லாம் தொண்டை வறண்டு போகிறது.

நகம் வைக்கும் நிபுணர்கள்

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் செய்வது, கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்துவது. எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்பா அழுத்தினார், மகனும் அழுத்துகிறான். சிலர் காலால் ஓர் உதை விடுவார்கள். டயரும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

ஒரு பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போய் மலிவு, விலை கூடியது என்று நான் எடுத்து வைத்த இரண்டு டயர்களையும் முகர்ந்து பார்த்தார். நான் உள்ளே இருக்கும் கம்பி வலை, பக்கச் சுவரின் தடிமன், ரப்பரின் தரம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நான் நிமிர்ந்தபோது அவர் சொன்னார்: "எல்லாம் சரி தங்கச்சி. ரெண்டும் கறுப்பாத்தானே இருக்கு?"

லெட்சுமி அக்காவும் சுவர் டயரும்

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து லெட்சுமி அக்கா தன் கணவர் கணேசன் அண்ணனைப் பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி அங்கே வருவார். வாரத்தில் மூன்று நாள். அக்கரையிலேயே பக்கத்தில் இருக்கும் பட்டர்வொர்த் நிலையத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அண்ணனை மிஷினில் போட்டுவிட்டு, அக்கா எங்கள் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு சுவரில் மாட்டியிருக்கும் டயர்களைப் பார்த்தபடி இருப்பார். அவர் வந்தால் எனக்கும் பேச ஆள் கிடைக்கும்.

ஒரு மழை நாளில் அவர்கள் வரவில்லை. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி சிக்கிக்கொண்டது. டயர் மொட்டை. ஒருநாள் தவறியதற்கே அண்ணனுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, மறுநாள் யாரோ டிராக்டர் கட்டி இழுத்துத்தான் வண்டியை வெளியே கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் அக்கா பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே டயர் விலை கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். சேற்றுக்கு மலிவு டயரும் ஓடிவிடும். ஆனால் அந்தப் பாதை முழுக்கச் செம்பனை மட்டை கிடக்கிறது. அதன் முள் ஊசி மாதிரி. மலிவு டயரின் பக்கச் சுவர் அதற்குத் தாங்காது, நடுவழியில் உட்கார்ந்துவிடும். நல்லதைப் போட அக்காவுக்கு ஆசை, கை எட்டவில்லை. சிகிச்சை முடிந்து, கையில் பஞ்சுக் கட்டோடு வந்து நின்ற கணேசன் அண்ணன் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "என்னைவிட நாளு இருக்கிற டயர் எதுக்கு, தங்கச்சி? என் கணக்குக்குச் சீப்பானதே போதும்லா."

அக்கா சிரிக்கவில்லை. அன்று எதையும் வாங்காமல், மொட்டை டயரோடேயே அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்.

பாயான் பாருவின் காட்டு ராஜா

அதே வாரத்தில் ஓர் இளம் இஞ்சினியர் வந்தார். பெயர் தினேஷ். பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு, பக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. புத்தம் புது பிக்கப். சேற்றுக்கென்றே செய்த மட் டயரில் இருப்பதிலேயே விலை கூடியது வேண்டுமாம், அதுவும் பக்கச் சுவரில் வெள்ளை எழுத்து வைத்தது. "எந்தக் காட்டுக்குப் போவீங்க தம்பி?" என்றேன். "இனிமேதான் அக்கா பிளான் பண்ணணும்" என்றார். சாதா டயரே போதும் என்று நான் சொன்னதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். விற்க வந்தவளே விற்க மறுத்தால் கோபம் வரத்தானே செய்யும்?

டயர் மாட்டியதும் அவர் மனைவி பையைத் திறந்தார். நாலு டயருக்கும் சந்தனம், வெள்ளை எழுத்தின் மேல் குங்குமம், சூடம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். கடை வாசலிலேயே பூசை நடந்தது. வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு கம்பீரமாக வெளியேறியது. டயர் மாட்டுகிற எங்கள் சலீம் அண்ணன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பாத்துக்க மீனா, அந்த டயரு ஏறப் போற பெரிய மலையே இந்த எலுமிச்சம்பழம்தான்."

சத்தம்

சலீம் அண்ணன் வாய் முகூர்த்தம், ரெண்டு மாதத்தில் அதே பிக்கப் திரும்ப வந்தது. மட் டயர் தார் ரோட்டில் ஓடினால் ஹோ என்று ஒரு சத்தம் வரும், விமானம் கிளம்புகிற மாதிரி. வாங்கும்போதே சொன்னேன். அப்போது அவர் காதில் ஏறவில்லை, இப்போது வேறு எதுவும் ஏறவில்லை போலும். தினேஷ் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்தது மனைவிதான்.

"டயரு நல்ல டயருதான் அக்கா. ஆனா காடி ஓடும்போது உள்ள நான் பேசறது எதுவும் அவருக்குக் கேக்கல. அவருக்கு அது பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிக்கல. கழட்டிருங்க."

கை மாறியது

சாதா டயர் மாட்டி அனுப்பிவிட்டு, கடை திரும்ப எடுத்துக்கொண்ட நாலு டயரையும் பார்த்தேன். கல் கீறல் இல்லை, மண் ஒட்டவில்லை. வெள்ளை எழுத்தில் வைத்த குங்குமம்கூட அப்படியே இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. அளவைப் பார்த்தேன். லெட்சுமி அக்கா பிக்கப்பின் அதே அளவு. நேரே முதலாளியிடம் போய், இந்த நாலும் சுவருக்குப் போகக்கூடாது என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்தவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, புது மலிவு டயரின் விலைக்கே தரச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அக்கா வந்ததும் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. அடுத்தவர் கழற்றிப் போட்டதைக் கணவர் உயிரை நம்பிப் போடுவதா என்ற தயக்கம், அது நியாயம்தான். குனிந்து, டயர் பற்களின் இடுக்குகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நகமும் வைத்தார். கடைசியில் அந்தக் குங்குமத்தில் கை நின்றது. கதையைச் சொன்னேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளுக்கப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"பூசையெல்லாம் அவங்களே முடிச்சிட்டாங்களா? அப்ப சரி, சேத்த மட்டும் நான் காட்டிக்கிறேன். மாட்டச் சொல்லு!"

தேய்ந்தது யார்?

அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போனது. அவர்கள் வரும் நாளில் மழை பெய்தால் எனக்கு வாசலில்தான் கண் இருக்கும். சக்கரம் முழுக்கச் செம்மண்ணோடு அந்தப் பிக்கப் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்த பிறகுதான் தேநீர் இறங்கும். ஒரு நாளும் அது வராமல் இருந்ததில்லை. குங்குமம் முதல் வாரத்திலேயே போய்விட்டது.

சில வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் பிக்கப் தாண்டிப் போகாமல் கடைக்குள்ளேயே வந்தது. அக்கா ஓட்டுநர் இருக்கையில், அண்ணன் பக்கத்தில். டயரைப் பார்த்தேன். பல் எல்லாம் வழுக்கையாகிப் போயிருந்தது. மட் டயர் வருடக்கணக்கில் தார் ரோட்டில் ஓடினால் அப்படித்தான் ஆகும். அண்ணன் மெதுவாக இறங்கி, பஞ்சுக் கட்டுக் கையால் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். இளைத்திருந்தார், ஆனால் அதே குறும்பு.

"தங்கச்சி, டயரு என்னைவிட நாளு இருக்கும்னு சொன்னேன்ல? அது போய்ச் சேந்துருச்சு, நான் நிக்கிறேன். இந்தத் தடவ இருக்கிறதுலேயே ரொம்ப நாளு வர்றதா காட்டு. அதையும் ஒரு கை பாத்துருவோம்லா!"

மொட்டை டயரைப் பார்த்தால் சந்தோஷப்படுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள கெட்ட புத்திதான், ஆனால் அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் வியாபாரம் கொஞ்சமும் இல்லை என்று சொன்னால் முதலாளியைத் தவிர எல்லாரும் நம்புவீர்கள்.