நூற்றிருபதாவது அடியில் சிவப்புத் துணி

எல்லை என்பது தண்ணீரில் இருக்கிறதா, அதில் இறங்குகிற மனிதனிடமா? ராஃபேலின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலத் தோன்றுகிறது.

மலாயாவில் கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பால் வெட்டப் போகாமல் முக்குளிக்கும் வேலைக்குப் போனார். தலைக்குச் செம்புத் தொப்பி. மூச்சுக்கு, படகிலிருந்து பம்பு அடித்துக் குழாயில் அனுப்பும் காற்று. ஆழம் கூடக்கூட அந்தக் காற்றே கள்ளைப் போலத் தலைக்கேறும். அதனால் தன் இடுப்புக் கயிற்றில் நூற்றிருபதாவது அடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார். அது தண்ணீரைத் தொட்டதும், படகில் கயிறு பிடிக்கும் இருசப்பன் கயிறு விடுவதை நிறுத்திவிட வேண்டும். இறங்கும்போது விரல் மடக்கி ஜெபமாலை சொல்வார். பத்துப் பத்து மணியாகச் சொல்லும் அந்தக் கணக்குத் தவறினால், துணிவரை போகாவிட்டாலும் ஏறிவிடுவார். துணிச்சல்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம், 1951. பத்தாங் பெர்ஜுந்தை அருகே போலீஸ் லோரி ஒன்று ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையில் சரிந்து, துப்பாக்கிப் பெட்டி அடியில் போய்விட்டது. காட்டிலிருப்பவர்கள் எடுப்பதற்குள் வேண்டும் என்றார் வெள்ளைக்கார அதிகாரி.

முதல் நாள் துணி தண்ணீரைத் தொட்டபோது ராஃபேல் ஒரே பத்தின் பதினேழாவது மணியில் இருந்தார். பத்துக்குப் பிறகும் மணிகள் வந்துகொண்டே இருந்தது அவருக்குச் சிரிப்பை மூட்டியது. காலுக்குக் கீழிருந்த இருட்டு இனித்தது. கயிற்றை இழுத்து, நடுவில் இருமுறை நின்று மேலே வந்தார்.

“பெட்டிக்கு இன்னும் முப்பது அடிதானாம், துரை சொல்றாரு,” என்றார் துரைக்கு மொழிபெயர்க்க வந்திருந்த தோட்டத்து எழுத்தர், கிராணி சுப்பிரமணியம். “நாளைக்கு எடுக்கலன்னா, காட்டுக்காரனுக்கு நீ விட்டுவைக்கிறேன்னு எழுதிடுவாராம். உள்ள போயிடுவ லா.”

“துரையையே இறங்கச் சொல்லுங்க கிராணி ஐயா. தொப்பி நான் தரேன்.”

கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை இருசப்பன் கெஞ்சினான்: “துணிய முப்பது அடி தள்ளிக் கட்டிடுண்ணே. எறங்கு, தூக்கு, ஏறு. நீ உள்ள போனா அண்ணிய யாரு பாக்குறது?”

ராஃபேல் முடிச்சை அவிழ்த்தார். அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். ராஃபேல் கயிற்றைத் தன் இடுப்புப் பக்கமாக அளந்து, நூற்றுப்பத்தாவது அடியில் துணியைக் கட்டினார். தொப்பியைப் போடச் சொன்னார்.

வெறுங்கையோடு ஏறினார். பதினோரு நாள் காவலில் இருந்தார். பெட்டியைப் பிற்பாடு கொக்கி போட்டு இழுத்தார்கள். அந்தப் பத்து அடியை ஏன் குறைத்தார் என்று விசாரித்தவர்களிடமும் சொல்லவில்லை, மேலும் ஒன்பது வருஷம் கயிறு பிடித்த இருசப்பனிடமும் சொல்லவில்லை. துணியை மறுபடி இடம் மாற்றவும் இல்லை.