லைட் பார்க்க எடுத்த படம்

அந்தத் தெருவில் அவளுக்குத் தாடைக்கா என்றுதான் பேர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், "தாடைய கொஞ்சம் தூக்குங்க" என்பாள். அவள் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் பதினோரு வருஷமாக அதே பாட்டு.

கல்யாண ஜோடிகள் வருவதற்கு முன் லைட்டைச் சரிபார்க்க வேண்டும். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் நிழல் விழுவது தெரியும். அதற்கென்றே அவள் துணை, பஸ் கண்டக்டர், ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு வந்துவிடுவாள். டைமரை அமுக்கிவிட்டுத் தாடைக்காவும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வாள். வெளியில் இருவரும் ஒரு முழம் தள்ளித்தான் நடப்பார்கள். குடியிருந்த வீட்டு ஓனரம்மாவுக்கு அவர்கள் அக்கா தங்கச்சி. உண்மை தெரிந்தால் பெட்டி படுக்கை தெருவுக்கு வந்துவிடும். எடுத்த படத்தை உடனே அழிக்க வேண்டும். அவள் எங்கே அழித்தாள்! ஒவ்வொரு ஜோடியின் ஃபோல்டரிலும் முதல் படமாக அது பத்திரமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்த ஷோகேஸில், ஆள் உயரத்துக்கு அவர்கள் இருவரும். கண்டக்டரின் தலை இவள் தோளில். ஏதோ ஒரு ஜோடியின் முதல் படத்தைப் பெரிசாகப் போடச் சொல்லியிருந்தார் ஸ்டூடியோ முதலாளியம்மா. பிரிண்ட் போடும் லேப்காரர் ஃபோல்டரில் முதலில் இருந்ததையே போட்டு, மாட்டியும்விட்டுப் போயிருந்தார்.

கழற்றிவிட ஸ்டூலில் ஏறினாள். அதற்குள் கண்டக்டரின் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரப் பெரியவர், "என்னம்மா, அது நீயா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"நான்தான். பக்கத்துல இருக்கறவளோடதான் பதினோரு வருஷமா குடும்பம் நடத்தறேன்" என்றாள் அவள், டிக்கெட் கேட்கும் அதே குரலில். பஸ்ஸே கேட்டது. பிறகு இறங்கி வந்து ஷோகேஸைத் தட்டினாள்.

"ஊருக்கெல்லாம் தாடைய தூக்கச் சொல்ற. இதுல நீ எப்படிக் குனிஞ்சிருக்க பாரு! இது வேணாம். வேற எடுப்போம்."

விஷயம் ஓனரம்மா காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. காலி பண்ணச் சொல்லிவிட்டார். முதலாளியம்மாதான், "கடை மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்று சாவியை நீட்டினார். தாடைக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் அழிக்காமல் விட்ட படத்தை நினைத்தால் இன்றும் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஷோகேஸில் இப்போது இருப்பது புதுப் படம். பட்டப்பகலில், அதே பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் பார்க்கக் கைகோத்து நின்று எடுத்தது. தாடையைத் தூக்கும்படி யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.