அண்ணியின் செருப்புக் காவல்

எங்கள் அண்ணிக்கு வீட்டில் பெயர் ஆரம்பசூரி. வைத்தது என் அண்ணன், ஊரெல்லாம் பரப்பியது நான். அவள் ஒரு காரியத்தை ஆரம்பிக்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். முடிப்பதைப் பார்க்கத்தான் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

அலமாரியைத் திறந்தால் ஒற்றைக் கையோடு ஒரு ஸ்வெட்டர் இருக்கும். அதன்மேல் ஒரு பிறமொழிப் பாடப் புத்தகம்; முதல் பாடம் விரல்பட்டுக் கறுத்திருக்கும், மற்றதெல்லாம் கடையில் வாங்கிய மெருகு கலையாமல் இருக்கும். பக்கத்தில் கிதார். அதில் அவள் ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் மிக நன்றாக வாசிப்பாள். நாங்களும் அந்த வரிக்கு மட்டும் கை தட்டுவோம்.

இதற்கெல்லாம் கணக்கு வைக்கவும் அவள் முயன்று பார்க்காமல் இல்லை. டைரி வாங்கினாள், அது தானியங்கிக் கதவு மாதிரி தானே மூடிக்கொண்டது. காலண்டரில் டிக் போட்டாள். கடைசியில் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியை இறக்கினாள். அது தினமும் சாயங்காலம் டிங் என்று மணியடித்து, "நீங்கள் இன்றும் தவறவிட்டீர்கள்" என்று அறிவித்தது. "என் மாமியார்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை" என்று சொல்லி அதை அழித்துவிட்டாள். என் அம்மாவைப் பற்றித்தான் சொன்னாள் என்றாலும் உண்மையைச் சொன்னாள்.

எங்களுக்குத் தையல் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணன் துணி வெட்டுவான், அண்ணி மிஷினில் உட்காருவாள், மாடியில் குடியிருக்கும் நான் இறங்கி வந்து காஜா எடுத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போடுவேன். வருஷமெல்லாம் நாங்கள் மூன்று பேரும் ஒரு அறைக்குள் துணித் தூசியைச் சுவாசித்துக்கொண்டு கிடப்போம். கோடையில் ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கடலுக்குப் போவோம்.

கடலில் அண்ணிக்கு ஒரே வேலைதான். செருப்புக் காவல். போய் இறங்கியதும் நாங்கள் செருப்பை உதறுவோம், கைக்கடிகாரத்தைக் கழற்றுவோம், பர்ஸைப் போடுவோம். "அண்ணி, பாத்துக்கங்க!" என்று கத்திக்கொண்டே தண்ணீருக்கு ஓடிவிடுவோம். அண்ணிக்குத் தண்ணீர் என்றால் பயம். குளியலறை வாளியைத் தாண்டி அவளுக்குத் தண்ணீரோடு சகவாசம் கிடையாது. அவள் விரிப்பில் உட்கார்ந்து, அலை ஏற ஏற எல்லாச் செருப்பையும் வாரிக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து உட்காருவாள். நாங்கள் திரும்பி வரும்போது செருப்புகள் ஜோடி ஜோடியாக, மணல் தட்டி, வரிசையாக இருக்கும். அதை ஒரு வேலை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

போன முறை என் மகள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து கேட்டாள்.

"அத்தை, உங்களுக்குக் கடல் பிடிக்காதா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "உங்க அத்தைக்குச் செருப்புதான் பிடிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள். ஊர் திரும்பியதும் அவள் காலை நடைக்குப் போக ஆரம்பித்தாள்.

"நடையா? எத்தனை நாளைக்கு?" என்றான் அண்ணன். நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

உண்மையில் அவள் போனது நடைக்கு இல்லை. பஸ் ஏறி ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொது நீச்சல் குளத்துக்கு. இந்த வருஷம் கடலுக்குப் போவதற்குள் அந்தக் குளத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே மூச்சில், எதையும் பிடிக்காமல், நீந்திக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் கடலில் இறங்கலாம். கடக்காவிட்டால் பழையபடி செருப்பு. இதுதான் அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆரம்பத்துக்குக் கை தட்டியே முடித்துவிடுவோம் என்று எங்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். இதெல்லாம் பின்னால் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முழங்கால் வரை நீண்ட நீச்சல் உடை ஒன்றை எங்கள் கண்ணெதிரேதான் தைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்கு" என்றாள். அந்த அம்மாள் எப்போது வந்து வாங்கிக்கொண்டு போனாள் என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை.

இந்த முறை அவள் வைத்த கணக்கும் வேறு. இடுப்புப் பட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய நீளத் துணி ஒன்றை எடுத்து உள்கதவின் பின்னால் ஆணியில் தொங்கவிட்டாள். குளத்துக்குப் போய் வந்த நாளில் அதில் ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டனைத் தைப்பாள். போகாத நாளுக்கு ஒன்றும் கிடையாது, இடைவெளிகூட விடமாட்டாள். அதனால் அந்தத் துணியைப் பார்த்தால் போன நாட்கள் மட்டும்தான் தெரியும், தவறவிட்ட நாளைச் சொல்லிக் காட்ட அதற்கு வாய் கிடையாது.

"டிக்கைப் பொய்யா போட்டுடலாம்டி" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "ஊசி எடுத்து, நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, இவ்வளவு வேலை பாத்துப் பொய் சொல்ல எனக்குச் சோம்பல்."

சுவரை விட்டுக் கையை எடுத்து முதல் முதலாக மிதந்த அன்று மட்டும், டப்பாவில் கிடந்த ஒரு பச்சைப் பட்டனைத் தேடி எடுத்துத் தைத்தாள். பட்டன் வரிசை என் கை நீளத்தையும் தாண்டியது. ஆனால் குளத்தின் பாதி தாண்டவில்லை. நடுவில் ஆழம் ஆரம்பிக்கும் இடத்தில் அடியில் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறதாம். அது கண்ணில் பட்டதும் இவள் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொள்வாளாம். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இவளில் பாதி வயது. "கோடு கடிக்காதும்மா" என்று தினமும் கரையிலிருந்து கத்துவாளாம்.

கடலுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் பஸ் கம்பெனியிலிருந்து நடத்துநர்களுக்குச் சட்டை தைக்கும் அவசர ஆர்டர் வந்தது. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். சாயங்காலம் பார்த்தால் பட்டன் போதவில்லை. பட்டன் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அப்போது உள்கதவு காற்றில் ஆடியது. பின்னால் தொங்கிய துணியைப் பார்த்தான்.

தையல்காரர்கள் வீட்டில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பட்டன் சிதறக் கூடாது என்று நூலில் கோத்து வைப்போம், வேஸ்ட் துணியில் ஒட்டுத் தையல் போட்டு வைப்போம். வேறு யாராக இருந்தாலும் இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் கத்தரியை எடுத்துக் கடகடவென்று வெட்டினான், நான் மளமளவென்று சட்டையில் தைத்தேன். கடைசிச் சட்டைக்கு ஒன்று குறைந்தது. "பச்சையைப் போடு. பேண்ட்டுக்குள்ள போற இடம்தானே, யார் பாக்கப் போறாங்க?" என்றான்.

நூல் வாங்கப் போயிருந்த அண்ணி உள்ளே வந்தாள். மேஜைமேல் வெறும் துணி, அதில் நூல் துணுக்குகள்.

"நல்ல வேளை, நீ சேத்து வச்சிருந்தே! மானத்தைக் காப்பாத்திட்டே போ!" என்றான் அண்ணன். அவன் அப்படி வாய்விட்டுப் பாராட்டுவதே அபூர்வம்.

"ஓ" என்றாள் அண்ணி. துணியை மடித்தாள். டீ போடப் போனாள். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் நடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

"ஆச்சு, நடையும் கிடப்புல போயாச்சு" என்றான் அண்ணன் குஷியாக.

அந்த நாட்களைப் பற்றி அண்ணி சொன்னது இது. "கோபம்கூட இல்லடி. நிம்மதியா இருந்தது, அதுதான் பயமா இருந்தது. எப்பவும் விட்டுடறதுக்கு நானே ஒரு சாக்கு தேடுவேன். இந்தத் தடவை உங்க அண்ணனே அளவெடுத்து வெட்டிக் கொடுத்துட்டாரு."

மூன்றாம் நாள் ஜிப் வாங்க பஸ்ஸில் போனாள். நல்ல கூட்டம். நடத்துநர் எங்கள் சட்டையைத்தான் போட்டிருந்தார். மேலே இறுகிப்போயிருந்த ஜன்னலைத் திறக்க அவர் எட்டி இழுத்தபோது சட்டை பேண்ட்டிலிருந்து வெளியே வந்தது. அடியில் பச்சையாக ஒரு பட்டன்.

அண்ணி அவ்வளவு கூட்டத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் நடத்துநர், அவசரமாகச் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல தம்பி. சட்டை எப்படி இருக்கு? பட்டன் எல்லாம் கெட்டியா நிக்குதா?"

"இழுத்தாலும் வர மாட்டேங்குதும்மா."

"வராது. ஒவ்வொண்ணும் என்ன பாடு படுத்திச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அண்ணி வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். மிதந்த நாள் அதோ பஸ்ஸில் வேலை பார்க்கிறது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மித் தும்மிச் செத்த நாள் வேறு எந்த பஸ்ஸிலோ, யார் நெஞ்சிலோ இருக்கிறது. பட்டனை வெட்டினால் மிதக்கிறது மறந்துவிடுமா? மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. அன்றும் கோட்டருகில் கயிற்றைப் பிடித்தாள். அடுத்த நாளும் பிடித்தாள். கடலுக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு நாள், கோட்டைப் பார்க்கவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கையை வீசிக்கொண்டே போனாள். ஏதோ கையில் டமார் என்று இடித்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

"அம்மா! சுவர் வந்தாச்சும்மா! இன்னும் எங்க போகப் போறீங்க?" என்று அந்தப் பெண் கரையில் குதித்தாளாம்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் உள்கதவின் பின்னால் அந்த வெறும் துணி மறுபடியும் தொங்கியது. அதில் ஒரே ஒரு பெரிய கோட் பட்டன், அதுவும் நடுவில். "இதை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றாள். நாங்கள் திருதிருவென்று விழித்தோம்.

கடற்கரையில் போய் இறங்கியதும் வழக்கம்போலச் செருப்பை உதறினோம். "அண்ணி, பாத்துக்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணி மேலங்கியைக் கழற்றினாள். உள்ளே அந்த வாடிக்கைக்காரம்மாவின் உடை. தன் செருப்பைக் கழற்றி, விரிப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் மடியில் வைத்தாள்.

"என்னங்க, பாத்துக்கங்க."

"ஏய், எங்க போறே? ஆழம்! உனக்குத்தான் பயமாச்சே!"

அவள் திரும்பவில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அப்புறம் ஒரு தாவல். குளிப்பவர்களுக்காக மிதவை கட்டிய எல்லைக் கயிறு வரை நிதானமாக, ஒன்றும் அவசரம் இல்லாத மாதிரி நீந்திப் போனாள். என் மகள் "அத்தை! அத்தை!" என்று கத்திக்கொண்டு கரையில் குதித்தாள். அண்ணன் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான், கடைசியில் கரையோடு கரையாக அவள் போகிற பக்கமெல்லாம் ஓடினான்.

அண்ணி திரும்பி வந்தபோது முகம் முழுக்க உப்பும் சிரிப்பும். மூச்சு வாங்க விரிப்பில் உட்கார்ந்து, பட்டன், பஸ், கோடு, சுவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் கேட்கக் கேட்க வெளுத்துப்போனான். என் முகமும் நன்றாக இருந்திருக்காது.

"அத்தனையும் நானா வெட்டினேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"அதை விடுங்க. செருப்பு எங்க?"

அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அலை வந்து போயிருந்தது. செருப்புகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. தேடிப் பொறுக்கினோம். அண்ணனுடைய புதுச் செருப்பில் ஒன்று மட்டும் கடலோடு போயேவிட்டது.

அண்ணி கிடைத்ததையெல்லாம் மணல் தட்டி ஜோடி சேர்த்தாள். அண்ணனின் ஒற்றைச் செருப்பை அவன் முன்னால் வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல நான் ஒண்ணையாவது விட்டிருப்பேனா?"

அண்ணன் கிடைத்த ஒற்றையைக் காலில் மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி, அவளுக்கு டீ வாங்கக் கிளம்பினான்.